மோர்மன்கள் நிறைந்த ஊருக்குத் தம்பி போனான்

என் தம்பி ரெஜி ஒரு ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டான். வயிற்றுக்குச் சரியில்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். கோப்பி போடட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம், வெறும் சுடுதண்ணீர் போதும் என்றான். நாங்கள் மன்னார்க் கரையில் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் தேத்தண்ணியை மறுத்தால் ஒன்றில் காய்ச்சலாக இருக்கும், அல்லது கோபமாக இருக்கும். ரெஜிக்கு இரண்டும் இருக்கவில்லை. அவன் மனைவி வனிதா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அக்கா, நாங்கள் இப்ப வேற சபைக்குப் போறம். அங்க தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறேல்லை," என்றான். பெந்தெகொஸ்தேயா என்று கேட்டேன். எங்கள் ஆட்களில் பலர் அந்தப் பக்கம் போயிருக்கிறார்கள், அதனால் அது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது. "மோர்மன்," என்றான். ஒரு தமிழ் வாயிலிருந்து அந்த அமெரிக்கச் சபையின் பெயரை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், ஸ்கார்பரோப் பகுதியின் மல்வேர்னில் இருக்கிறது என் வீடு. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. கணவர் மாரடைப்பில் போய்ப் பல வருடமாகிறது, மகன் கல்யாணம் முடித்து மார்க்கம் என்ற பக்கத்து நகரத்தில் இருக்கிறான். என்னோடு அப்போது இருந்தவர் பிலோமினா மச்சாள். என் மூத்த அண்ணன் அன்ரனின் மனைவி. போர் முடிந்து இரண்டு வருடம் கழித்து, எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து, அகதிக் கோரிக்கை வைத்து, என் வீட்டின் பின் அறையில் குடியேறியவர். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து தமிழ்ப் பூசைக்குப் போவோம். என் வேலை, வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு சமூக நிலையத்தில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. வயதுபோனவர்கள், புதிதாக வந்தவர்கள், ஆங்கிலம் தெரிந்தும் படிவத்தைக் கண்டால் பேனையைக் கீழே வைத்துவிடுகிறவர்கள் வருவார்கள். பெயர், பிறந்த திகதி, மணமான நிலை, மதம் என்று நாள் முழுக்க மனிதர்களைக் கட்டங்களுக்குள் எழுதிக்கொண்டிருப்பேன்.

ரெஜி எப்படி அந்தச் சபைக்குப் போனான் என்பதை அவனே சொன்னான். லொறி ஓட்டுகிறவன் அவன். ஒரு மாரிகாலத்தில் முதுகு பிடித்து இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான். வாசலில் பனி முழங்காலுக்கு மேல் குவிந்திருந்தது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கழுத்துப்பட்டியும் அணிந்த இரண்டு இளைஞர்கள் வீதியால் போனவர்கள், கேட்காமலே சவளை எடுத்துப் பனியை வழித்துவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமையும் வந்தார்கள். மூன்றாம் கிழமை வனிதா உள்ளே கூப்பிட்டாள். அதற்கு முன்பு அவன் வீட்டுக்கு யாரும் வரவில்லையா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நான் அந்த இரண்டு மாதத்தில் இரண்டு தரம்தான் போயிருந்தேன்.

அந்த இளைஞர்களை ஒருமுறை ரெஜியின் வீட்டில் நானும் சந்தித்தேன். இருவருடைய நெஞ்சிலும் பெயர்ப்பட்டி. இரண்டிலும் 'எல்டர்' என்று தொடங்கியது. எனக்கு அது குடும்பப் பெயர் என்று பட்டது. "நீங்கள் இரண்டு பேரும் சகோதரர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவன் சிரித்தான். மற்றவன் மிகவும் யோசித்து, "ஒரு விதத்தில் ஆம்," என்றான். அப்படியென்றால் தாய் வேறா என்று நான் கேட்க, ரெஜிதான் குறுக்கே வந்து, எல்டர் என்பது அவர்களுடைய ஊழியப் பட்டம் என்று விளக்கினான். பத்தொன்பது வயதுப் பையனுக்கு 'மூத்தவர்' என்று பட்டம். ஒருவன் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்தவன். யோசித்துப் பதில் சொன்னவன் தெற்கு அல்பேர்ட்டாவில் பிறந்தவன். அவனுடைய ஊரில் முக்கால்வாசிப் பேர் தங்கள் சபைதான் என்றும், ஸ்கார்பரோவுக்கு வரும்வரை தன்னை யாரும் 'அது என்ன மதம்' என்று கேட்டதில்லை என்றும் சொன்னான். "இங்கேதான் நான் சிறுபான்மை என்றால் என்னவென்று பழகுகிறேன்," என்றான். நான் சிறுபான்மையாகவே பிறந்தவள். தமிழரில் கத்தோலிக்கர், இலங்கையில் தமிழர், கனடாவில் இலங்கையர். பழகுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் கோவில் பங்கில் கதை பரவ ஒரு மாதம் எடுக்கவில்லை. பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஓர் அன்ரி என் கையைப் பிடித்து, "உவர் ரெஜி போன சபையில நாலு பெண்சாதி கட்டலாமாமே, மெய்யோ?" என்று கேட்டார். அதை அவர்கள் நூறு வருடத்துக்கு முதலே விட்டுவிட்டார்கள் என்று ரெஜி சொன்னதை நானும் சொன்னேன். தம்பியை விட்டுக்கொடுக்காமல் பேசியதில் எனக்கே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து அழுதேன் என்பது வேறு கதை.

மச்சாள் மட்டும் ரெஜியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ரெஜியில் தனிப் பாசம். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அப்பா ஓர் ஏஜன்ற் மூலம் வெளிநாட்டுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தது அன்ரன் அண்ணையைத்தான். பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அண்ணை, "எனக்கு அவசரம் இல்லை, இவனை அனுப்புங்கோ," என்று ரெஜியைக் காட்டினார். ரெஜிக்கு அப்போது பதினெட்டு. அந்த வயதுப் பிள்ளைகள் வீதியில் போனால் திரும்பி வருவார்களா என்று தெரியாத காலம். ரெஜி வந்தான். பின்பு நான் வந்தேன். அண்ணை வன்னிக்குப் போய், அங்கே ஒரு கூட்டுறவுக் கடையில் வேலை செய்து, மச்சாளைக் கட்டினார். போரின் கடைசி மாதங்களில் சனத்தோடு சனமாக நடந்தார்கள். பாலம் கடந்து ஆமியின் பக்கம் வந்ததும் ஆமிக்காரன் ஒருவன் வரிசையிலிருந்து அண்ணையைக் கூப்பிட்டான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றான். அண்ணை தன் பையை மச்சாளிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். மச்சாள் அந்த பஸ் போவதைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பார்க்கவில்லை.

ஊரில் அதிகாரிகள் மச்சாளுக்கு மரணச் சான்றிதழ் தரலாம் என்று இரண்டு தரம் சொன்னார்கள். அவர் வாங்கவில்லை. இங்கே வந்தும் அண்ணைக்காக, இறந்தவர்களுக்குரிய ஆத்தும இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுக்க யாரையும் விடவில்லை. அண்ணையின் பிறந்த நாளுக்குப் பூசை ஒப்புக்கொடுப்பார், உயிரோடு இருப்பவருக்குக் கொடுப்பதுபோல. பாதரும் ஒன்றும் கேட்காமல் அப்படியே வாசிப்பார். கொரோனாக் காலத்தில் குடிசன மதிப்பீடு நடந்தபோது எங்கள் வீட்டுக்கு நீண்ட படிவம் வந்தது. அதில்தான் மதம் கேட்பார்கள். மச்சாளின் பக்கத்தை நான் நிரப்பினேன். மணமான நிலை என்ற இடத்தில் பேனை நின்றது. "என்ன யோசிக்கிறீர்? கலியாணம் கட்டினது எண்டு போடும்," என்றார். போட்டேன். படிவம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மனைவி கனடாவில் இருக்கிறார், கணவர் எங்கே என்று கேட்க அதில் இடமில்லை. அந்த அளவில் அது ஒரு கருணையான படிவம்.

அந்தக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவந்தபோது நிலையத்தில் வேலை இல்லாத ஒரு மத்தியானம், மதங்களின் அட்டவணையைக் கணினியில் திறந்தேன். என் தம்பி நாட்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பார்க்கும் ஆசை. கனடா முழுக்க அவர்கள் சிறிய கூட்டம்தான். ஆனால் சீராகப் பரவிய கூட்டமல்ல. அல்பேர்ட்டாவில்தான் அதிகம், அதிலும் தெற்கு மூலையில், அமெரிக்க எல்லையை ஒட்டிய சில ஊர்களில் அடர்த்தியாக. அங்கிருந்து கிழக்கே வர வர ஐதாகிக்கொண்டே போகிறார்கள். ஒன்ராறியோவிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு பெரிய நகரத்தில் கரைந்துபோய் இருக்கிறார்கள். ரெஜி சொல்லி நான் ஒருமுறை அவர்களுடைய ஸ்கார்பரோ ஆராதனைக்குப் போனேன். பிலிப்பைன்ஸ்காரர், கானா நாட்டவர், கரிபியன் தீவுக்காரர், சில சீனக் குடும்பங்கள், நாலைந்து வெள்ளையர்கள். தமிழர் என்று என் தம்பி குடும்பம் மட்டும். அல்பேர்ட்டாவில் இருப்பவர்களோ நூற்றுச் சொச்சம் வருடத்துக்கு முன்பு யூட்டாவிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்து, வாய்க்கால் வெட்டி, சீனி எடுக்கும் பீற்றூற் பயிரிட்டுக் குடியேறிய வெள்ளையர்களின் பிள்ளைகள். பல பெண்களைக் கட்டியதற்காக அமெரிக்கச் சட்டம் துரத்தியபோது எல்லை தாண்டி வந்தவர்கள். "அவையளும் அகதியா வந்த ஆக்கள்தான், அக்கா," என்பான் ரெஜி. நாங்கள் ஸ்கார்பரோவில் குவிந்ததுபோல அவர்கள் அங்கே குவிந்திருக்கிறார்கள். தனியே இருக்கப் பயந்தவர்கள் சேர்ந்து இருக்கும் இடங்களைத்தான் அந்த அட்டவணை காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு கணினியை மூடினேன்.

அடுத்த வசந்தத்தில் ரெஜி அல்பேர்ட்டாவுக்குப் போகப்போவதாகச் சொன்னான். பிள்ளைகளுக்காகத்தான் என்றான். மூத்த மகள் அனெற்றுக்குப் பதினைந்து வயது. "மாமி, என்ர ஸ்கூலில நான் மட்டும்தான். லைக், ஒன்லி மீ," என்று அவள் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவளுடைய தமிழ்ச் சிநேகிதிகளின் பிறந்தநாள்களுக்குப் போனாலும் அவள் வேறு, சபைப் பிள்ளைகளோடு இருந்தாலும் அவள் வேறு. அங்கே போனால் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் சபையாய் இருப்பார்கள் என்றான் ரெஜி. லொறி எங்கேயும் ஓடலாம். எங்களுக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. ஐம்பது வயதுக்காரனிடம் அதை எப்படிக் கேட்பது?

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலை வந்தான். மச்சாள் கூடத்தில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். ரெஜி அவர் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, ஒரு விசயம் கதைக்கோணும்."

"சொல்லும்."

அவன் சொன்னது சுருக்கமாக இதுதான். அவர்களுடைய சபையில் இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஒருவர் தண்ணீரில் இறங்கி, அவர்கள் பெயரில் ஞானஸ்நானம் பெறலாம். அதை ஏற்பதும் விடுவதும் அந்த ஆன்மாவின் விருப்பம். ஏற்றால் குடும்பம் மறுமையிலும் பிரியாமல் ஒன்றாக இருக்கும். அதனால்தான் அவர்கள் உலகம் முழுக்க வம்சாவளி தேடுகிறார்கள். எங்கள் அப்பா, அம்மா, பாட்டன்மார் பெயர்களையெல்லாம் அவன் ஏற்கெனவே கொடுத்து, பிராம்டனில் இருக்கும் அவர்களுடைய ஆலயத்தில் செய்து முடித்திருந்தான். அது எனக்கே அப்போதுதான் தெரியும். அண்ணையின் பெயரைக் கொடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும். அல்பேர்ட்டாவுக்குப் போகமுதல் அதைச் செய்துவிட்டுப் போக ஆசை.

மச்சாள் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"ஆர் தண்ணியில இறங்கிறது?"

"நான்தான், அண்ணி. அவற்ற பேரில."

"உயிரோட இருக்கிற ஆக்களுக்கு இப்பிடிச் செய்யலாமோ?"

"இல்லை. உயிரோட இருக்கிறவை தாங்களே வந்து எடுக்கோணும்."

"அப்ப அவர் வந்து எடுக்கட்டும்," என்றார் மச்சாள்.

குரல் உயரவில்லை. ரெஜிக்குக் கண் கலங்கியது. "அண்ணி, கன வருசமாச்சு. தன்ர பயணத்தை எனக்குத் தந்துபோட்டு நிண்டவர் அவர். அவருக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. இதுதான் எனக்குச் செய்ய ஏலுமானது."

"உமக்கு எத்தனை வருசமோ, எனக்கும் அத்தனை வருசம்தான், ரெஜி."

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ." நான் கூடையிலிருந்து ஒரு துவாயை எடுத்து மடித்தேன். அவன் எழும்பி, அண்ணியின் தலையில் குனிந்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கார் வீதி திரும்பியது.

பிறகு மச்சாள் கேட்டார். "நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீரோ, ஜெசி?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் பன்னிரண்டு வருடமும் வேறு வேறு விதமாகச் சொல்லி வந்தேன். அன்றைக்கு ஏனோ வரவில்லை. ரெஜி தன் மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டு அழுதபடி போனான், நான் மட்டும் ஒளிந்துகொண்டு நிற்பதாகப் பட்டது.

"ஓம் மச்சாள்," என்றேன்.

"எப்ப துவக்கம்?"

"கன காலமா."

"அப்ப ஒவ்வொரு நாளும் என்னோட இருந்து, அவர் திரும்பி வரோணும் எண்டு செபம் சொன்னது?"

"உங்களுக்காகச் சொன்னனான்."

மச்சாள் மடித்த உடுப்புகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு உள்ளே போனார். மூன்று கிழமை கழித்து டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியில், மன்னார்ப் பெண்ணொருத்தியின் வீட்டில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை பிடிக்கவில்லை. என் கணவர் செத்த பிறகு என்னோடு அத்தனை நினைவு நாளுக்கும் கல்லறைக்கு வந்து நின்றவர். நான் விதவையாக இருப்பதற்கு அவர் துணை நின்றார். அவர் மனைவியாக இருப்பதற்கு நான் துணை நிற்கவில்லை என்பதுதான் அவருடைய கணக்கு. நான் அதை மறுக்க மாட்டேன். ஆனால் பொய்யாகச் செபித்துக்கொண்டு எவ்வளவு காலம் ஒரு வீட்டில் இருக்கலாம் என்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் ரெஜி குடும்பமும் போனது. என் வீடு ஒரு சத்தமும் இல்லாமல் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மச்சாள் இடப்பக்க வாங்கிலும் நான் வலப்பக்க வாங்கிலும் இருப்போம். சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கை கொடுப்போம். எங்கள் இருவருக்கும் இடையில் நடுவழி இருந்தது.

ஒரு வருடம் கழித்து நான் அல்பேர்ட்டாவுக்குப் போனேன். கல்கரிக்கு நாலு மணித்தியாலம் விமானம், பிறகு ரெஜியின் காரில் தெற்கே இரண்டரை மணித்தியாலம். மேற்கே தூரத்தில் மலைகள், மற்றப்படி கோதுமையும் காற்றும். காற்று என்றால், கார்க் கதவைத் திறந்தால் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காற்று. ஊர் சிறியது. அகலமான, நேரான வீதிகள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை திறக்கவில்லை. ஆராதனை மண்டபத்தில் வரிசைக்கு வரிசை வெள்ளைக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஐந்தாறு பிள்ளைகள். அப்பத்தோடு திராட்சை இரசத்துக்குப் பதில் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லோரும் அன்பாகக் கை கொடுத்தார்கள். வயதான ஒரு பெண்மணி என்னிடம், "உங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாகச் சபையில் இருக்கிறது?" என்று கேட்டார். பொதுவாகக் கிறிஸ்தவத் திருச்சபையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நானூறு வருடத்துக்கு மேல்," என்றேன். போர்த்துக்கீசர் காலத்தில் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்களின் வழி நாங்கள். அவருடைய முகம் அப்படியே நின்றது. அவர்களுடைய சபை தொடங்கி இருநூறு வருடம்கூட ஆகவில்லை என்று ரெஜி காரில் வரும்போது சொன்னான். அந்த அம்மா தன் பூட்டன் வண்டியில் வந்த கதையைப் பெருமையோடு சொல்ல வந்திருக்கிறார். நான் குறுக்கே மறித்துவிட்டேன்.

அனெற் உயரமாகியிருந்தாள். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். "இப்ப எல்லாரும் மோர்மன், மாமி. ஆனா நான் மட்டும்தான் பிறவுண் கலர்," என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாள். வனிதா சமையலறையில் எனக்குச் சோறு போட்டபடி, மெதுவாக, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். திங்கட்கிழமை துவங்கினா வாய் திறந்து தமிழில கதைக்க ஒருத்தர் இல்லை," என்றாள். ரெஜி கேட்டிருப்பான். கேளாததுபோலக் கறியைப் போட்டுக்கொண்டான். திரும்பி வா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வந்தால் என்ன? அங்கே அவர்களுக்குச் சபைச் சனம் இல்லை, இங்கே தமிழ்ச் சனம் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கும் ஊர் அந்த அட்டவணையில் எங்கும் இல்லை.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் ரெஜி கணினியைத் திறந்து எங்கள் வம்சாவளியைக் காட்டினான். ஊர்ப் பங்குப் பதிவேடுகளிலிருந்தும் வெளிநாடுகளில் சிதறிக் கிடக்கும் உறவினர்களிடமிருந்தும் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்திருந்தான். கிளை கிளையாகப் பெட்டிகள். எனக்குப் பெயரே தெரியாத பாட்டிமார். ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த வருடம், ஒரு கோடு, இறந்த வருடம். அப்பா. அம்மா. அவர்களுக்குக் கீழே நாங்கள் மூவர். அண்ணையின் பெயரில் கண் நின்றது. பிறந்த திகதியோ கோடோ இல்லை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல். 'லிவிங்.' உயிருடன்.

"இதென்ன ரெஜி?"

"இறந்த விபரம் ஒண்டும் குடுக்காட்டி அது தானா அப்பிடித்தான் காட்டும், அக்கா. உங்களுக்கும் எனக்கும் அப்பிடித்தான் கிடக்கு, பாருங்கோ."

"ஆர் பாக்கலாம் இதை?"

"உயிரோட இருக்கிற ஆக்களின்ர விபரம் மற்றவைக்குத் தெரியாது. போட்டது நான், எனக்கு மட்டும்தான் தெரியும்."

"நீ மாத்தேல்லையோ?"

"அண்ணி சொல்லாம எப்பிடி மாத்திறது?" என்றான். திரையைப் பார்த்தபடியே சொன்னான். "நான் சில வேளை சும்மா திறந்து பாக்கிறனான்."

உலகத்தில் எத்தனை அலுவலகங்களில் அண்ணையின் பெயர் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அண்ணையைத் தேடி அங்கெல்லாம் போன கடிதங்களில் பலவற்றை எழுதியவளே நான். காணாமற்போனவர், தகவல் இல்லாதவர், கோப்பு இலக்கம் இன்னது. உயிருடன் என்று ஒரே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது. அதுவும் செத்தவர்களைத் தேடுவதற்காக உண்டாக்கிய ஒரு பதிவில்.

ரொறன்ரோ திரும்பி இரண்டாம் நாள் டோர்செட் பார்க்குக்குப் போனேன். கீழே பொத்தானை அழுத்தி, "நான் ஜெசி," என்றேன். பிறகு கதவு திறந்தது. மச்சாளின் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, மாதா சுரூபம். என்னைக் கட்டிலில் இருத்திவிட்டு அவர் கதிரையில் இருந்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். கூட்டவோ குறைக்கவோ இல்லை, கணினி தானாகக் காட்டுவது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"ரெஜி அதை அப்பிடியே விடுவாரோ?"

"நீங்கள் சொல்லாம மாத்தமாட்டான்."

மச்சாள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலவை மருந்து பட்டு விரல் நுனிகள் வெடித்திருந்தன. "அந்தச் சனம் நல்ல சனமோ?"

"நல்ல சனம். ஆனா வனிதா தனிச்சுப்போனாள்."

"போன் எடுக்கிறன் அவளுக்கு," என்றார். பிறகு என்னை நேரே பார்த்து, "உம்மட நினைப்பு மாறினதோ?" என்று கேட்டார்.

"இல்லை, மச்சாள்."

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் கோபம் இருந்ததா என்று நான் இன்னும் யோசிக்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இதால வாரும். சேந்து போவம்," என்றார்.

அவர் என் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வருவார் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மல்வேர்னிலிருந்து பஸ் மாறி மாறி அவரிடம் போகிறேன். அங்கிருந்து கென்னடி வீதிப் பஸ்ஸில் சேர்ந்து போகிறோம். கோவிலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். செபம் சொல்லும்போது அவர் கேட்பதை நான் கேட்பதில்லை. அவருக்கு அது தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் எங்களுக்கு எதிர் இருக்கையில் ஒரு தமிழ் அன்ரி இருந்தார், இங்கே புதிது. மகள் கூப்பிட்டு வந்தவராம். நாங்கள் கதைப்பதைக் கேட்டு ஊர் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மன்னாரில் எந்தப் பக்கம், எந்தக் கோவில் பங்கு என்று கேட்டுக்கொண்டு வந்தவர், "உமக்கு எத்தனை சகோதரம், பிள்ளை?" என்றார்.

"ரெண்டு பேர். ஒரு அண்ணை, ஒரு தம்பி."

"எங்க இருக்கினம்?"

"தம்பி அல்பேர்ட்டாவில."

"அண்ணை?"

மச்சாள் ஜன்னல் பக்கம் இருந்தார். அவருடைய தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தோள் அசையாமல் நின்றதை உணர்ந்தேன்.

"அண்ணை ஊரில," என்றேன்.

அன்ரி, நல்லது, ஒருவராவது அங்கே இருக்கத்தானே வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் மகளின் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மச்சாள் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. தோளையும் எடுக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தபோது அவர்தான் கையை நீட்டி மணியை அழுத்தினார்.